சரிவில் நட்ட கன்றுகள்

கல்லூரிக்குப் பின்னால் இருந்த சரிவில் நட்ட கன்றுகளை யாரோ மறுபடியும் பிடுங்கிப் போட்டிருந்தார்கள்.

வளாகம் முழுவதையும் இந்த மலைக்கே உரிய மரங்களால் நிரப்பும் திட்டம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த விரிவுரையாளர் நிரூபாவுடையது. ஆழமாக வேரோடி மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்றுதான் சரிவுக்குக் கீனாக் கன்றுகளைத் தேர்ந்திருந்தாள்.

இன்று மழையிலேயே காத்திருந்து ஆளைப் பிடித்துவிட்டாள். கீழே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் காளியாயி!

"நீங்களா அக்கா? நான் ஆடு மேய்ஞ்சதெண்டெல்லோ நினைச்சன்!"

"ஆட்டு மேல பழி போடாதீங்க டீச்சர். நான்தான் புடுங்குனேன்."

"உங்களுக்கென்ன விசரே? மலை சரிஞ்சா முதல்ல மண்ணுக்குள்ள போறது உங்கட லயம். உங்களைக் காப்பாத்தத்தானே நட்டனான்!"

"தெரியும் டீச்சர். அதனாலதான் புடுங்குறேன்."

நிரூபா கீழே கிடந்த கன்றொன்றைக் கையில் எடுத்தாள்.

"நாளைக்கு ஆபீசர்மாரு மலையைப் பார்க்க வாறாங்க. ஆபத்தான எடம்னு எழுதுனாத்தான் எங்களுக்கு வேற எடத்துல தனி வீடு. மரம் வச்சிருக்கறதப் பார்த்தா, இனி பயமில்ல, இங்கேயே இருங்கன்னுட்டுப் போயிருவாங்க. எங்கம்மா காலத்துலேருந்து ஒரே காம்பராவுலதான் எல்லாரும் கெடக்கோம்."

"அவங்கள் எழுத முதல் சரிஞ்சா?"

காளியாயி மலையை நிமிர்ந்து பார்த்தாள். மழை விடுவதாக இல்லை.

"அதுக்குள்ள எழுதிருவாங்க டீச்சர்" என்றபடி அடுத்த கன்றைப் பிடித்து இழுத்தாள்.