ஸ்டெல்லாவின் பாராசூட்

சபாபதி பென்சிலில் படம் போடுவான். அதன்மேல் மை ஏற்றுவது அவன் மனைவி குமுதவல்லி. மை காய்ந்தபின் ரப்பரால் தேய்த்தால் பென்சில் கோடெல்லாம் போய்விடும்; மை தொட்டது மட்டும் நிற்கும். அப்படித்தான் வாராவாரம் அவர்களின் படக்கதை நாயகி கேப்டன் ஸ்டெல்லா விமானம் ஏறி அச்சுக்குப் போனாள்.

ஸ்டெல்லாவின் முகத்தில் சபாபதிக்கு ஒரு கோடுகூடப் பிசகாது. கல்யாணமான புதிதில் குமுதவல்லியை வரைய உட்கார்ந்து, மூக்கு சரியாக வரவில்லை என்று தாளைக் கசக்கி எறிந்தவன்தான் அவன்.

"இந்த வாரம் எரியற விமானத்துலேர்ந்து குதிக்கிறா. கண்ணை மட்டும் பாத்துப் போடு, அவ உசிரே அதுலதான் இருக்கு."

"உங்க உசிரும் அதுலதானே இருக்கு?"

அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

குமுதவல்லி அந்தக் கண்களுக்கு மை ஏற்றினாள். பறக்கும் கூந்தலுக்கும், இடுப்பு பெல்ட்டுக்கும், பின்னால் எரியும் இறக்கைக்கும் ஏற்றினாள். முதுகிலிருந்த பாராசூட் பையை மட்டும் தூரிகை தொடாமல் சுற்றிக்கொண்டு போனது. மை காயும்வரை காத்திருந்து, ரப்பரை அழுத்தித் தேய்த்து, துகளை வாயால் ஊதினாள்.

பை இல்லாமல் நடுவானில் நின்ற ஸ்டெல்லா, அப்போதும் குளியலறைப் பக்கமே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.