பெரிய அறை

ஐப்பசி மழை பிடித்ததும் மாமியார் பொன்னுத்தங்கம் பெரிய அறையைப் பிடித்துக்கொண்டாள்.

“நாங்க படுத்திருந்த ரூம்க்கா அது. நிறைமாசக்காரிய அடுக்களைப் பக்கத்துப் பொந்துல தள்ளிட்டு, எங்க அத்தை அங்கன மகாராணி மாதிரி கால நீட்டிப் படுத்துக்கிட்டாக” என்று பக்கத்து வீட்டுக் கற்பகத்திடம் பொருமினாள் யோகேஸ்வரி.

“மணிமுத்து ஒண்ணும் கேக்கலையா?”

“அவுகளா? அம்மா சொன்னா ராத்திரியப் பகலும்பாக. அவுகளக்கூட எட்டிப் பாக்க விடமாட்டேங்காக. உள்ள என்ன புதையலா இருக்கு?”

‘டொம்’ என்று ஒரு சத்தம்.

பட்டாசுக் கம்பெனிகள் சூழ்ந்த விஸ்வநத்தத்தில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். நனைந்தபடி தெருவே வெளியே வந்து, எந்தப் பக்கம் புகை என்று தேடியது. ஆளாளுக்குப் போனைக் காதில் வைத்தார்கள்.

யோகேஸ்வரி புருஷனுக்குப் போன் போட்டாள். மணிமுத்துவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை. அவன் அப்பா, மருந்து கலக்கும் அறைக்குள் போனவர் திரும்பி வரவில்லை.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள்.

“என்னத்தா?”

“நல்லாயிருக்கீகளா? வெடிச்ச சத்தம் கேட்டுச்சே!”

“அடி கிறுக்கி, இந்த மழையில எந்தக் கம்பெனி ஓடுது? இடி விழுதுன்னு காலையிலயே பூட்டியாச்சு. டீக்கடையில நிக்கேன்.”

அப்படியானால் சத்தம் எங்கே?

தெருவே வெளியே நின்றது, மாமியாரை மட்டும் காணோம். யோகேஸ்வரி மெல்லத் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்ப் பெரிய அறைக் கதவைத் தள்ளினாள்.

மேல்தளத்தில் காரை பெயர்ந்து கம்பிகள் விலா எலும்பாய்த் தெரிந்தன. வெயிலை மட்டும் நினைத்துக் கட்டிய வீடு. வருஷா வருஷம் மழைத் தண்ணீர் தேங்கி இறங்கி, கம்பி துருவேறி உப்பி, காரையை வெளியே தள்ளியிருந்தது. கட்டிலின் மேல் அம்மிக்கல் கனத்துக்கு ஒரு துண்டு கிடந்தது.

தோளில் ரத்தம் கசிய, மிச்சத்தை அவசரமாய்க் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள் பொன்னுத்தங்கம். கட்டிலுக்கு அடியில், முன்னால் விழுந்த காரையெல்லாம் சாக்கில் கட்டிக் கிடந்தது.

“ஐயோ அத்தை! இது தெரிஞ்சேவா இங்கன படுத்தீக? அவுககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“மெல்லப் பேசு தாயி. சத்தம் அவன் காதுக்கும் போயிருச்சா?”

“எங்க தலையில விழக்கூடாதுன்னா ரூமைப் பூட்டிப் போட்டிருக்கலாம்ல?”

“பூட்டினா ஏன்னு கேப்பான்ல.” பொன்னுத்தங்கம் கதவைச் சாத்தினாள். “தளம் போச்சுன்னு தெரிஞ்சா, அதச் சரிபண்ணக் காசு வேணுமே, கூடக் கூலி கிடைக்குதுன்னு நாளைக்கே மருந்து ரூமுக்குப் போயிருவான்.”