சோபாவில் ஒரு பேப்பர்

நாத்தனார் வீட்டுக் கூடத்தில் மதிய வெயில் சோபா வரைக்கும் வந்து நிற்கிறது. நாத்தனாரின் கணவர் என்றைக்கோ கொட்டிய காபி அதில் பழுப்பு வட்டமாகக் காய்ந்திருக்கிறது. அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. வந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்து பிஸ்கட் கடிக்கிறார்கள். நான்கு வயதுப் பெண் மட்டும் அம்மாவின் முழங்காலை ஒட்டி நிற்கிறாள். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய்கள் அடைத்துக்கொண்டதால், டாக்டர்கள் அவற்றை வயிற்றுப் பக்கமாகத் திருப்பித் திறந்துவிட்டிருக்கிறார்கள். அந்தத் திறப்பின் மேல் ஒட்டிய பை கவுனுக்குள் லேசாகப் புடைத்திருக்கிறது. அம்மா பேச்சுக்குத் தலையாட்டியபடியே பையின் ஓரத்தைக் கவுனோடு சேர்த்துத் தடவிப் பார்க்கிறாள். ஓரம் காய்ந்திருக்கிறது, உள்ளே வெதுவெதுப்பு. சிறுநீர் இறங்குகிறது என்பதற்கு அந்தச் சூடுதான் சாட்சி. அது ஆறிப்போனால் அம்மாவுக்கு உயிரே போய்விடும். இந்த வீட்டிலோ அந்தப் பையைக் கண்டுதான் அருவருப்பு.

"வாடி தங்கம், அத்தை பக்கத்துல உக்காரு. எதுக்கு நின்னுக்கிட்டே இருக்கே?" வந்தவர்கள் காதில் விழும்படி நாத்தனார் குழைகிறாள்.

குழந்தை சோபாவைப் பார்க்கிறாள், பிறகு அத்தையைப் பார்க்கிறாள். மறந்துபோனவருக்கு நினைவுபடுத்தும் குரலில் சொல்கிறாள்: "நீங்க இன்னும் பேப்பர் போடலையே அத்தை."

பிஸ்கட் கடிக்கும் சத்தம் நின்றுபோகிறது. "வாயைப் பாரு இவளுக்கு" என்று நாத்தனார் சிரித்து மழுப்புகிறாள். சிரித்தபடியே உள்ளே போய், பழைய பேப்பரோடு திரும்பி வருகிறாள். அதை விரித்து முடிக்கும்வரை குழந்தை கவுனை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நிற்கிறாள்.