ஏழாம் நம்பர் மழை

"இன்னும் ஒரு மணித்தியாலத்தில வாறன் பிள்ளை" என்று யேசுரட்ணம் அங்கிள் போனை வைத்ததும் ரதிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அங்கிள் தந்த படம் எங்கையப்பா?" என்றான் கணவன் வினோதன்.

"தீபாவளிக்கு அதிலதான் வடையைப் போட்டு எண்ணெய் வடிய விட்டனான்."

எண்ணெய் குடிப்பதில் அந்த யப்பான் பேப்பரை அடிக்க ஆளில்லை.

பென்சன் எடுத்த கையோடு அங்கிளுக்குப் பிடித்த பைத்தியம் அது. பழைய காலத்து யப்பான்காரர் பலகையில் செதுக்கி அச்சடித்த ஒரு மழைப் படத்தைத் தானும் அப்படியே செதுக்கினார். நிறத்துக்கு ஒரு பலகை, மொத்தம் பன்னிரண்டு. கையால் தேய்த்துத் தேய்த்து அச்செடுத்து, தெரிந்த வீட்டுக்கெல்லாம் ஒவ்வொன்று கொடுத்தார். மலை, மழை, ஓலைத்தொப்பியோடு கூனிக்கொண்டு போகும் மூன்று பேர். ரூஜ் பகுதியில் புது வீடு வாங்கியவர்கள் நனைகிற சனத்தையா சுவரில் மாட்டுவார்கள்?

ஆனால் அங்கிளின் மனதை நோகடிக்க ரதியால் முடியாது. முன்பு டோர்செட் பார்க் பகுதியில் வாடகைக்கு இருந்த காலத்தில், இரண்டு பனிக்காலம் அவளை வேலைக்கு ஏற்றி இறக்கிய மனிதர். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.

அதே படம் வாங்கிய சிநேகிதி யூஜினிக்கு, இரவல் கேட்டுப் போன் போட்டாள்.

"என்னட்டை எங்க கிடக்கு? போன மாதம் அங்கிள் வரேக்கை நானும் அன்ரனெற்றிட்டை வாங்கித்தான் சுவரில கொழுவினனான்."

அடுத்த தெரு அன்ரனெற், பிரேம் போட்ட படத்தைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, கொட்டுகிற பனிக்குள் ஓடி வந்தாள். வினோதன் ஆணி அடித்தான், வளைந்தது. இன்னொன்று அடித்தான், விரலில் பட்டது. ஒருமாதிரிப் படம் சுவரில் ஏறியது. அன்ரனெற் பின்கதவால் நழுவினாள். அடுத்த நிமிடம் பெல் அடித்தது.

அங்கிளின் தொப்பியிலும் தோளிலும் பனி அப்பிக் கிடந்தது.

"என்ன அங்கிள் இவ்வளவு பனி?"

"காரைத் துடைச்சனான் பிள்ளை."

தேத்தண்ணியும் வடையும் வந்தன. அங்கிள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டின நாளில இருந்து கழட்டினதே இல்லை அங்கிள்" என்றாள் ரதி. "காலமை எழும்பினால் இதிலதான் முழிக்கிறது."

அங்கிள் எழுந்து போய்ப் படத்தின் கீழ் மூலையைக் காட்டினார்.

"பென்சிலால எழுதின நம்பர் தெரியுதோ? ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு நம்பர். உங்களுக்குத் தந்தது நாலு. இது ஏழு, அன்ரனெற்றின்ரை. யூஜினி வீட்டிலயும் ஏழுதான். விட்பியில பத்மநாதன் வீட்டிலயும் ஏழுதான்."

ரதிக்கு வெட்கத்தில் கண் கலங்கிவிட்டது.

"மனம் நொந்திட்டுதோ அங்கிள்?"

"உதில நோக என்ன இருக்கு? எனக்காகப் பனிக்குள்ள படம் காவித் திரியிற சனம் வேற ஆருக்குக் கிடைக்கும்?"

இன்னொரு வடையை எடுத்துக்கொண்டு வினோதன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்த ஆணியை மட்டும் கழட்டாமல் விடுங்கோ. சுத்தியல் சத்தம் நிக்குமட்டும் வெளியில நிண்டு எனக்குக் காது விறைச்சுப் போச்சு."