ஓவனுக்குள் நான்கு ஆப்பிள்கள்

ஓவன் கதவு இறுகிப் போயிருந்தது. அவள் இரண்டு கைகளாலும் இழுத்தாள்.

உள்ளே தட்டு இருந்தது.

தட்டில் நான்கு ஆப்பிள்கள். கறுத்து, வற்றி, குழந்தையின் முஷ்டி அளவுக்குச் சுருங்கியிருந்தன. எந்த வாசமும் இல்லை.

சாராள் குனிந்தபடியே நின்றாள்.

இந்த வீட்டுக்கு அவள் வாழ்க்கைப்பட்டு வந்து எட்டு மாதம். வந்த நாளிலிருந்து ஓவன் மேல் பூப்போட்ட துணி போர்த்தியிருந்தது. துணிமேல் அரிசி டப்பா. அது ரிப்பேர் என்று கணவர் கிறிஸ்துதாஸ் சொல்லியிருந்தார். அவருடைய முதல் மனைவி ரூபியின் பொருள். அவள் தொடவில்லை.

இன்று மதியம் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பை ஆப்பிள் வந்தது. கிறிஸ்துதாஸ் தேயிலை ஆலைக்குப் போயிருந்தார். அவருடைய மகள் ஜோவினா ஒரு பழத்தை எடுத்து வெகுநேரம் மோந்து பார்த்தாள். ஒன்பது வயது. அதிகம் பேசமாட்டாள்.

"இத ஓவன்ல வச்சா நல்லாருக்கும்" என்றாள்.

எட்டு மாதத்தில் அவள் சாராளிடம் கேட்ட முதல் பொருள் அது. சாராள் அரிசி டப்பாவை இறக்கினாள்.

இப்போது ஜோவினா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா வச்சது" என்றாள்.

சாராள் திரும்பினாள்.

"ஓவன் மணி அடிச்சிச்சு. அம்மா எந்திரிக்கல. நான்தான் சுவிட்ச அணைச்சேன்."

ரூபி சமையலறையில் விழுந்து இறந்தாள் என்பது சாராளுக்குத் தெரியும். மாரடைப்பு. பெண் பார்க்க வந்தபோதே சொன்னார்கள். குழந்தை அப்போது எங்கே இருந்தது என்று அவள் கேட்கவில்லை. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றியது.

"அப்பா வர்ற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருந்தேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டிய கூப்பிட்டிருக்கணும். கூப்பிடல."

குழந்தை அழவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏதாவது சொல்ல வேண்டும். சாராள் தட்டை வெளியே இழுத்தாள்.

"அம்மா எப்படிச் செய்வாங்க?" என்று கேட்டாள். "எனக்குத் தெரியாது. நீ சொல்லிக் குடு."

முதலில் பழைய ஆப்பிள்களை இருவரும் வெளியே எடுத்துப் போனார்கள். ஜோவினா கரண்டியால் மண்ணைத் தோண்டினாள். சௌசௌ கொடியின் அடியில் நான்கையும் புதைத்தார்கள். மண்ணை மூடும்போது சாராளின் உதடுகள் தாமாக ஜெபம் சொல்லின.

தட்டைக் கம்பி நாரால் தேய்த்தாள். நான்கு வட்டங்கள் போகவே இல்லை. அவற்றின் மேலேயே புது ஆப்பிள்களை வைத்தாள்.

"அடி ஓட்டையாயிடக் கூடாது" என்றாள் ஜோவினா.

சாராள் சின்னக் கத்தியால் நடுவை மட்டும் குடைந்தாள். குழிக்குள் நாட்டுச் சர்க்கரை. கொஞ்சம் பட்டைத்தூள். உலர்ந்த திராட்சையை ஜோவினா விரலால் அமுக்கி அமுக்கித் திணித்தாள். மேலே வெண்ணெய். தட்டில் அரை டம்ளர் தண்ணீர்.

சுவிட்சைப் போட்டதும் ஓவனுக்குள் விளக்கு எரிந்தது.

ரிப்பேரெல்லாம் இல்லை.

ஜோவினா தரையில் உட்கார்ந்தாள். மேடைக்குக் கீழே, அடுப்புக்கு நேரே. முழங்காலைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் ஓர் ஆள் படுக்கும் அளவு இடம் விட்டு.

சாராளின் கால்கள் அந்த இடத்தில் இருந்தன.

எட்டு மாதமாக அவள் நின்று சமைத்த இடம்.

அவள் மெல்ல நகர்ந்தாள். அந்த இடத்தைச் சுற்றிப் போய், மறுபக்கம் உட்கார்ந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்குள் ஆப்பிள் தோல் வெடித்துச் சாறு வழிந்தது. வாசம் முதலில் சமையலறையை நிறைத்தது. பிறகு வீட்டை.

இப்படித்தான் இருந்திருக்கும் என்று சாராள் நினைத்தாள். இதே வாசம். இதே வெளிச்சம். தங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த தரையைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

மணி அடித்தது.

ஜோவினா ஓவனைப் பார்க்கவில்லை. சாராளின் முகத்தைப் பார்த்தாள். கண் இமைக்காமல்.

சாராள் எழுந்தாள்.

குழந்தை மூச்சு விடும் சத்தம் கேட்டது.

கிண்ணங்களில் எடுத்து வைத்தபோது வெளியே கேட் திறந்தது.

"ரூபி!"

கிறிஸ்துதாஸின் குரல். ஆனால் அவள் கேட்டறியாத குரல். இளமையாக, பசியோடு, சிரிப்போடு.

சாராளின் கையில் கரண்டி நின்றது. வாயில் பதில் வந்துவிட்டது. விழுங்கினாள்.

ஜன்னல் வழியே பார்த்தாள். அவர் கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். தான் கூப்பிட்டது அவருக்கே கேட்டுவிட்டது. முகம் வெளிறியிருந்தது. உள்ளே வரவில்லை. திரும்பிப் போகவும் இல்லை.

ஜோவினா ஒரு கிண்ணத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு படியிறங்கிப் போனாள். ஆவி அவள் முகத்தை மறைத்தது.

"உள்ள வாங்கப்பா. நாங்க செஞ்சது."

அவர் குழந்தையின் தலைக்கு மேலே சமையலறையைப் பார்த்தார்.

நாங்க என்றால் யார் யார் என்று அவர் கேட்கவில்லை.