பத்தாவது வேலியின் சாவி

"மூணு வருஷமாச்சு! ஒரு சாவியைப் பத்திரமா வச்சுக்கத் தெரியல உனக்கு!"

காடு வளர்ப்புச் சங்கத்தின் செயலாளர் எரிந்து விழுந்தார். காவலாளி தலையைச் சொறிந்தார்.

சங்கத்துக்கு வேலி போட்ட நிலங்கள் பத்து. ஒன்பதில் வாரம் தவறாமல் மரம் நடும் விழா. போகும்போது கதவைச் சாத்த விருந்தினர்கள் மறந்துவிடுவார்கள். உள்ளே நுழைய ஆடுகள் மறப்பதில்லை. பத்தாவதுக்குத்தான் சாவி இல்லை. பூட்டை உடைக்கத் தீர்மானம் வேண்டும். செயற்குழு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

அன்று பார்வையிட வந்த வன நிபுணர் அம்மாள், ஒன்பது நிலங்களிலும் காய்ந்த குச்சிகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பத்தாவது வேலியருகே அப்படியே நின்றுவிட்டார். உள்ளே ஆளுயரத்துக்கு மேல் மரமும் கொடியும். கிளையெல்லாம் குருவிச் சத்தம்.

"அருமை! இங்க என்ன செஞ்சீங்க?"

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "யாரையும் உள்ள விடல மேடம். பழைய வேரெல்லாம் தானா துளிர்க்கட்டும்னு விட்டுட்டோம். எல்லாம் திட்டம் போட்டுச் செஞ்சதுதான்."

"அப்போ எல்லா இடத்துலயும் இதையே செய்யுங்க!"

அவருடைய வண்டி கிளம்பியதும், செயலாளர் மீதி ஒன்பது சாவிகளையும் காவலாளியின் கையில் திணித்தார்.

"இந்தாய்யா, இதையும் தொலைச்சுடு."

"சரிங்க ஐயா" என்றார் காவலாளி, பணிவாக.

வீட்டுக்குப் போனதும் ஒன்பதையும் சட்டை மாட்டும் ஆணியில் மாட்டினார். அங்கே மூன்று வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது, பத்தாவது சாவி.