கூஃபாவின் சட்டம்

கூஃபா நகரப் பள்ளிவாசலில் பாடம் முடிந்து எழுந்த சட்ட அறிஞர் மிக்தாமை ரைதா வழிமறித்தாள். அவளுக்குப் பின்னால் ஓர் ஆண் தலைகுனிந்து நின்றான்.

"ஹஜ்ரத், கடல் வியாபாரத்துக்குப் போன என் புருஷன் காணாமப் போயிட்டார். அஞ்சு வருஷம் ஒரு தகவலும் இல்லே. அந்த நிக்காஹ் இருக்கா, முறிஞ்சிடுச்சா?"

மிக்தாமுக்குச் சங்கடமாக இருந்தது. சின்ன வயசு, வேறு துணையும் அமைந்துவிட்டது போலிருக்கிறது.

"மதீனாக்காரங்க நாலு வருஷம் காத்திருந்தா போதும்பாங்க. நம்ம கூஃபாவுல அப்படி இல்லேம்மா. அவர் மௌத்தாயிட்டார், இறந்துட்டார்னு உறுதியாகிற வரைக்கும் நீ அவர் மனைவிதான்."

ரைதா பொலபொலவென்று அழுதாள். அவருக்கு மனசு கேட்கவில்லை.

"அழாதேம்மா. மதீனாவுல படிச்சவர் ஒருத்தர் சந்தைப் பக்கம் இருக்கார். அவர்கிட்ட போனா உனக்கு விடுதலை கிடைக்கும்."

"ஐயோ, வேண்டவே வேண்டாம் ஹஜ்ரத்! நாலு வருஷத்துல உறவு அறுந்துடும்னு பக்கத்து வீட்டுக்காரி பயமுறுத்தினதாலதான் இவரை உள்ளே விடாம வெச்சிருக்கேன்!" பின்னால் நின்றவனின் கையைப் பிடித்து முன்னே இழுத்தாள். "நேத்து சாயங்காலம் படகுல வந்து இறங்கினார், என் புருஷன்!"

மிக்தாமின் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.

"அல்ஹம்துலில்லாஹ்! அஞ்சு வருஷம் கழிச்சு வந்த மனுஷனையா வாசல்ல படுக்க வெச்சே? முதல்ல கூட்டிட்டுப் போய் ரொட்டி போடும்மா!"